நான்கு நாளில் ஒரு வருஷம்

பூரட்டாதி என்று நம் பஞ்சாங்கங்கள் வழங்கும் இரண்டு நட்சத்திரங்களையும் இணைத்து மனத்தில் ஒரு கோடு கிழித்து, அந்தக் கோட்டின் நடுப்பகுதிக்குச் சற்று மேற்கே நோக்கினால், நிலவில்லாத நிர்மலமான இரவில் கூரிய கண் படைத்தவர்களுக்கு மட்டும் மங்கலான ஒரு புள்ளி தென்படும். பெகாசஸ் மண்டலத்தின் 51-ஆவது நட்சத்திரம் என்று ஐரோப்பிய அட்டவணைகளில் எண் மாத்திரம் பெற்று, தனிப் பெயர் எதுவுமின்றி நெடுங்காலம் கிடந்த அந்தப் புள்ளி, சுமார் 50 ஒளியாண்டுத் தொலைவில், வெப்பத்திலும் பருமனிலும் நம் சூரியனைப் பெரிதும் ஒத்து விளங்கும் மற்றொரு சூரியன். வியாழனின் இனத்தைச் சேர்ந்த ஒரு பெருங்கிரகம் அந்தச் சூரியனை நான்கே கால் நாளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் ஒரு முறை வலம் வந்துவிடுகிறது என்று 1995-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அறிவிக்கப்பட்டபோது, கேட்டவர்களில் வியந்தவர்களைக் காட்டிலும் நம்ப மறுத்தவர்களே அதிகம்.

அவர்கள் மறுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சூரிய குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் புதனுக்குக்கூடச் சூரியனைச் சுற்றிவர 88 நாட்கள் வேண்டியிருக்கின்றன. பூமியைப்போல் 318 மடங்கு கனமுள்ள வியாழனோ, சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள இடைவெளியைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகமான தூரத்தில் நின்று, ஏறக்குறைய 12 வருஷத்துக்கு ஒரு சுற்றாக மெல்ல நகர்கிறது. சிறிய கற்கிரகங்கள் உள்ளேயும் பெரிய வாயுக் கிரகங்கள் வெளியேயும் அமைந்ததற்குச் சாஸ்திரிகள் திருத்தமான காரணமும் கூறி வந்தனர். ஆதியில் சூரியனைச் சூழ்ந்து சுழன்ற வாயுவும் தூசியும் கலந்த தட்டில், சூரியனின் அருகே வெப்பம் மிகுதியாதலால் நீர் பனிக்கட்டியாக உறைவதற்கு இடமில்லை. குளிர்ந்த வெளிப்பகுதியிலோ கல்லோடு பனிக்கட்டியும் திரண்டு, பூமியைப்போல் பத்து மடங்கு கனமுள்ள கரு உருவாகி, அந்தக் கரு தன் ஆகர்ஷணத்தால் சுற்றியுள்ள வாயுவை வாரிச் சேர்த்துக்கொண்டு பெருங்கிரகமாக வளரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அந்த முடிவில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. ஆயினும், ஒரே ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு உலகத்துக் குடும்பங்களுக்கெல்லாம் விதி வகுத்த குறை அதில் இருந்தது.

பிற சூரியன்களுக்கும் கிரகங்கள் உண்டு என்ற எண்ணம் மிகப் பழையது. எண்ணற்ற சூரியன்களையும் அவற்றைச் சுற்றும் எண்ணற்ற உலகங்களையும் பற்றிப் பேசிய ஜோர்தானோ புரூனோ, 1600-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் ரோமாபுரியில் தீயிலிடப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் பல, அவற்றுள் இந்தக் கொள்கையும் ஒன்று. ஆனால் எண்ணுவது வேறு, காண்பது வேறு. கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் வியாழன் சூரியனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு மங்கல். அத்தகைய ஒன்றை அதன் சூரியனோடு ஒட்டினாற்போல் பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து நேரில் காண்பது அந்நாளைய எந்தத் தொலைநோக்கிக்கும் இயலாத காரியம். பிரத்தியட்சம் வாய்க்காத இடத்தில் அனுமானமே பிரமாணமாகிறது.

அந்த அனுமானத்தின் அடிப்படை எளிதானது. ஆஜானுபாகுவான ஒரு மாமாவும் சிறு குழந்தையும் கைகளைக் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றும்போது, குழந்தை பெரிய வட்டமாகச் சுழல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாமாவின் பாதங்களும் நின்ற இடத்திலேயே ஒரு சிறு வட்டம் போடுகின்றன என்பது உற்றுப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். அதுபோல, கிரகம் சுற்றுவதோடு நட்சத்திரமும் சிறிது அசைகிறது. அந்த அசைவை இரண்டு வழிகளில் அறியலாம்: ஆகாயத்தில் நட்சத்திரத்தின் ஸ்தானம் இப்புறமும் அப்புறமும் நகர்வதை அளப்பது ஒன்று, அது நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருக்கும்போது அதன் ஒளியின் நிறமாலையிலுள்ள கரிய கோடுகள் நீலப் பக்கமும் சிவப்புப் பக்கமும் மாறி மாறி இடம் பெயர்வதை அளப்பது மற்றொன்று. வியாழனால் நம் சூரியனுக்கு உண்டாகும் வேகம் விநாடிக்கு சுமார் 12.5 மீட்டர்தான், அதுவும் 12 வருஷத்தில் ஒரு முறை கூடிக் குறைவது.

இந்த இரு வழிகளையும் முதலில் வகுத்தவர்கள் கிரகங்களைத் தேடியவர்கள் அல்லர், இரட்டை நட்சத்திரங்களை ஆராய்ந்தவர்கள் என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்துத் தோன்றும் சில நட்சத்திர ஜோடிகள் மெய்யாகவே ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று வில்லியம் ஹெர்ஷல் 1803-இல் நிறுவிய நாள் முதல், அவற்றின் கோணத்தையும் இடைவெளியையும் வருஷக்கணக்கில் பொறுமையாக அளந்து, சுற்றுப்பாதையைக் கணிப்பது வான சாஸ்திரத்தில் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. அந்தத் தொழில் செழித்த இடங்களில் சென்னை நுங்கம்பாக்கமும் ஒன்று.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டி முடித்த வானாய்வு நிலையத்துக்கு 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தலைவராக இருந்தவர் காப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதில் தேர்ந்த அவர், ஒபியூக்கஸ் மண்டலத்தின் 70-ஆவது நட்சத்திரமான ஜோடி, கணித்த பாதையில் செல்லாமல் அடிக்கடி சிறிது விலகிச் செல்வதைக் கண்டார். 88 வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றிவரும் அந்த ஜோடியின் பழைய அளவைகளையும் தம்முடைய அளவைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத கிரகம் ஒன்று இடையில் இருந்து இழுப்பதால் இந்த விலகல் நேரக்கூடும் என்று 1855-இல் லண்டன் ராஜரீக வான சாஸ்திர சங்கத்தின் சஞ்சிகைக்கு எழுதினார். பிற சூரியனொன்றுக்குக் கிரகம் உண்டு என்று, ஊகமாக அன்றி அளவையின் பலத்தில் எழுதப்பட்ட ஆதிக் கட்டுரைகளுள் ஒன்று சென்னையிலிருந்து சென்றது என்பது நம்மவர்களில் பலர் அறியாத செய்தி.

ஆனால் ஜேக்கப் கண்ட கிரகம் நிலைக்கவில்லை. 1890-களில் அமெரிக்கரான டி. ஜே. ஜே. சீ அதே ஜோடியை எடுத்துக்கொண்டு, மறைந்திருக்கும் துணை ஒன்று உண்டு என்று இன்னும் உரத்த குரலில் சாதித்தார். அவர் கூறியபடி மூன்று பொருள்கள் ஒன்றையொன்று சுற்றினால் அந்த அமைப்பு வெகு விரைவில் சிதறிப் போகும் என்று ஃபாரெஸ்ட் மோல்ட்டன் 1899-இல் கணிதத்தால் காட்டினார். கிரகம் என்று நினைத்தது அளவையில் புகுந்த பிழையே என்று முடிவாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் இதே கதை பெரிய அளவில் மீண்டும் நடந்தது. பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர் கல்லூரியின் ஸ்ப்ரௌல் வானாய்வு நிலையத்தில் பீட்டர் வான் டி காம்ப் என்பவர், ஆறு ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பார்னார்ட் நட்சத்திரத்தை ஆயிரக்கணக்கான புகைப்படத் தகடுகளில் பதிவு செய்து, வியாழனைக் காட்டிலும் கனமான ஒரு கிரகம் அதைச் சுற்றுகிறது என்று 1963-இல் அறிவித்தார். பத்து வருஷ காலம் பாடப் புத்தகங்களிலும் இடம் பெற்ற அந்தக் கிரகத்தை, வேறு தொலைநோக்கிகளின் தகடுகளை ஆராய்ந்த கேட்வுட்டும் ஐக்ஹார்னும் 1973-இல் தேடிக் காணவில்லை. அதே ஸ்ப்ரௌல் நிலையத்தில் பணியாற்றிய ஜான் ஹெர்ஷி என்பவர், பார்னார்ட் நட்சத்திரம் அசைந்ததாகத் தோன்றிய காலங்களில் சம்பந்தமே இல்லாத வேறு நட்சத்திரங்களும் அதேபோல் அசைந்ததைக் கண்டுபிடித்தார். தொலைநோக்கியின் வில்லையைக் கழற்றிப் பொருத்திய காலங்களும் அந்த அசைவுகளும் பொருந்தி வந்தன. வான் டி காம்ப் தம் கிரகத்தைக் கடைசிவரை கைவிடாமல் 1995-ஆம் வருஷம் மே மாதத்தில் காலமானார். பார்னார்ட் நட்சத்திரத்துக்கு மெய்யாகவே உள்ள கிரகங்களுள் முதலாவது, பூமியைவிடச் சிறியது, 2024-இல்தான் அறியப்பட்டது. அவர் கூறியதற்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இத்தகைய ஏமாற்றங்களால், பிற சூரியனின் கிரகத்தைக் கண்டேன் என்று சொல்பவனை முதலில் சந்தேகிப்பதே விவேகம் என்ற மனப்பான்மை வான சாஸ்திரிகளிடையே ஊறிப் போயிற்று.

இந்த ஏமாற்றங்களுக்கு நடுவே, 1952-இல், ஆட்டோ ஸ்ட்ரூவ எழுதிய ஒரு குறுங்கட்டுரை வெளியாயிற்று. ஸ்ட்ரூவ குடும்பம் இரட்டை நட்சத்திர ஆராய்ச்சியில் பரம்பரைப் பெயர் பெற்றது. அவருடைய கொள்ளுப்பாட்டனார் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ டோர்பாட் நகரில் இருந்துகொண்டு மூவாயிரத்துக்கும் அதிகமான இரட்டை நட்சத்திரங்களை அளந்து அட்டவணையாக்கியவர். ருஷியப் புரட்சிக்குப் பின் நாடு விட்டு அமெரிக்கா சென்று, யெர்க்ஸ் நிலையத்தின் தலைவராக உயர்ந்த ஆட்டோ ஸ்ட்ரூவ, ஒன்றையொன்று சில மணி நேரத்தில் சுற்றிவரும் நெருங்கிய நட்சத்திர ஜோடிகளை நன்கு பயின்றவர். இரண்டு நட்சத்திரங்கள் அவ்வளவு நெருங்கி நிற்க முடியுமானால், ஒரு நட்சத்திரமும் ஒரு பெருங்கிரகமும் ஏன் நிற்கலாகாது என்று அவர் வினவினார். பூமியின் தூரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு தூரத்தில் வியாழன் போன்ற ஒரு கிரகம் நின்றால் அது ஏறக்குறைய ஒரு நாளில் சுற்றி முடிக்கும். நட்சத்திரத்தை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் அசைக்கும். அந்த வேகம் அன்றைய சிறந்த நிறமாலைக் கருவிகளின் எல்லையிலேயே இருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அன்றியும், அத்தகைய கிரகம் நமக்கும் அதன் நட்சத்திரத்துக்கும் குறுக்கே செல்ல நேர்ந்தால் நட்சத்திரத்தின் ஒளி நூற்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறையும் என்றும், அதையும் அளந்து அறியலாம் என்றும் சேர்த்து எழுதினார்.

பின்னால் நிகழ்ந்தவை அனைத்தும் அந்தச் சில பக்கங்களில் இருந்தன. ஆயினும் நாற்பது வருஷங்களுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஸ்ட்ரூவ 1963-இல் மறைந்தார். வியாழன்கள் தொலைவில்தான் பிறக்கும் என்ற சித்தாந்தம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கணிதபூர்வமாக உறுதிப்பட உறுதிப்பட, அருகில் தேடுவது வீண் உழைப்பு என்ற எண்ணமும் உறுதிப்பட்டது.

இதற்கிடையில் கருவிகள் கூர்மையடைந்து வந்தன. வில்லியம் ஹக்கின்ஸ் 1868-இல் சிரியஸ் நட்சத்திரத்தின் வேகத்தை அதன் நிறமாலைக் கோடுகளால் அளக்க முற்பட்டபோது பிழை விநாடிக்குப் பல கிலோமீட்டராக இருந்தது. அதைச் சில மீட்டருக்குக் குறைக்க வேண்டுமானால், நட்சத்திர ஒளி செல்லும் பாதையிலேயே நிலையான அடையாளக் கோடுகளைப் பதிய வேண்டும் என்பதைக் கனடாவைச் சேர்ந்த புரூஸ் காம்ப்பெலும் கார்டன் வாக்கரும் செயலில் காட்டினர். ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் வாயுவை ஒரு குழாயில் அடைத்து, நட்சத்திர ஒளியை அதனூடே செலுத்தினால், வாயுவின் கோடுகளும் நட்சத்திரத்தின் கோடுகளும் ஒரே படத்தில் அருகருகே விழும். அந்த வாயுவோ உயிருக்கே ஆபத்தானது, கண்ணாடியையும் அரித்துவிடும், குழாயைச் சுடவைத்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும். ஹவாய்த் தீவில் மௌனா கியா சிகரத்தின் குளிரில், மூச்சுத் திணறும் உயரத்தில் நிற்கும் தொலைநோக்கிக் கூடத்தில், அந்த விஷ வாயுவோடு அவர்கள் பன்னிரண்டு வருஷம் போராடினர். வருஷத்துக்கு ஒரு சில இரவுகளே அவர்களுக்கு வழங்கப்பட்டன. அவ்வளவு நேரத்தில் இருபது சொச்சம் நட்சத்திரங்களுக்கு மேல் பார்க்க இயலவில்லை. நிரந்தர உத்தியோகம் வாய்க்காத காம்ப்பெல் அந்தத் துறையை விட்டே விலகினார். பார்த்த நட்சத்திரங்களில் வியாழன் போன்ற துணை எதுவும் உறுதியாகத் தென்படவில்லை என்ற அவர்களுடைய முடிவுரை 1995 ஆகஸ்டில் வெளியாயிற்று. கூர்மையில் அவர்களுடைய முறைக்கு எந்தக் குறையும் இல்லை. சூரியனை ஒத்த நட்சத்திரங்கள் நூற்றில் ஒன்றுக்கும் வாய்க்காத ஒன்றை இருபதில் தேடியதுதான் அவர்களுடைய துரதிர்ஷ்டம்.

கலிபோர்னியாவில் ஜெஃப்ரி மார்சியும் பால் பட்லரும் விஷ வாயுவுக்குப் பதிலாகச் சாதுவான அயோடின் ஆவியைக் குழாயில் அடைத்து, லிக் வானாய்வு நிலையத்தில் 1987 முதல் நூற்றுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களைப் பதிவு செய்து வந்தனர். அயோடின் தரும் ஆயிரக்கணக்கான கோடுகளிலிருந்து வேகத்தைப் பிரித்தெடுக்கும் கணிதம் மிகவும் சிக்கலானது. அதைச் சீர்ப்படுத்தவே பல வருஷங்கள் ஆயின. வியாழன் பன்னிரண்டு வருஷத்தில்தானே ஒரு முறை சுற்றும், அவசரம் என்ன என்ற நினைப்பில், பதிவுகள் கணிக்கப்படாமலே குவிந்து கிடந்தன. பெகாசஸின் 51-ஆவது நட்சத்திரம் அவர்களுடைய பட்டியலில் இடம் பெறவில்லை. அது சூரியனைப் போன்றதன்று, முதிர்ந்து பருக்கத் தொடங்கியது என்று ஓர் அட்டவணை வகைப்படுத்தியிருந்ததே காரணம்.

இந்நிலையில்தான் பிரான்ஸின் தென்பகுதியில், ஹாத் ப்ரோவான்ஸ் வானாய்வு நிலையத்தில், 1994-ஆம் வருஷம் ஏப்ரலில் எலோடி என்னும் நிறமாலைக் கருவி வேலை செய்யத் தொடங்கியது. அங்குள்ள 1.93 மீட்டர் தொலைநோக்கி உலகின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றன்று. கருவியோ தொலைநோக்கியோடு ஒட்டித் தொங்காமல் தனி அறையில் அசையாமல் இருக்க, நட்சத்திர ஒளி கண்ணாடி இழை வழியாக அதை வந்தடையும்; தோரிய விளக்கின் ஒளி மற்றோர் இழை வழியாக வந்து பக்கத்திலேயே அளவுகோலாகப் பதியும்; நட்சத்திரத்தின் ஏறத்தாழ 5,000 கோடுகளை ஒருசேர ஒப்பிட்டு, படம் எடுத்து முடிந்த சில நிமிஷங்களிலேயே கணினி வேகத்தைச் சொல்லிவிடும். கலிபோர்னியாவில் வருஷங்கள் காத்திருந்து பெற வேண்டிய விடையை இங்கே அன்றிரவே பெறலாம் என்பதுதான் இதன் தனிச் சிறப்பு. இதை உருவாக்கியவர்களில் முதன்மையான ஜெனீவாப் பேராசிரியர் மிஷேல் மேயரும் இரட்டை நட்சத்திரத் தொழிலிலிருந்து வந்தவர். அந்தோன் துகென்னுவாவோடு சேர்ந்து சூரியனை ஒத்த நட்சத்திரங்களின் ஜோடிகளை ஆராய்ந்து, அவர் 1991-இல் வெளியிட்ட ஆராய்ச்சி அந்தத் துறையில் ஆதார நூலாகக் கருதப்பட்டது. சில நாளில் சுற்றும் ஜோடியையும் பல நூற்றாண்டில் சுற்றும் ஜோடியையும் ஒன்றுபோல் பார்த்துப் பழகிய கண் அவருடையது.

142 நட்சத்திரங்கள் கொண்ட பட்டியலில், 1994 செப்டம்பரில் பெகாசஸின் 51-ஆவது நட்சத்திரம் முதல் முறையாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் பிறகு மேயர் ஒரு தவணை ஹவாய்க்குச் சென்றுவிட, அவருடைய மாணவர் திதியே கெலோ தனியே தொலைநோக்கியில் இருந்தார். குளிர் காலத்தில் அந்த நட்சத்திரத்தின் வேகம் ஒரு நாள் இருந்ததுபோல் மறுநாள் இல்லை என்பதை அவர் கண்டார். டாக்டர் பட்டத்துக்காகத் தாமே எழுதிய கணினி நிரலில் பிழை இருக்கிறது என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றிய எண்ணம். பேராசிரியருக்கு உடனே சொல்லவும் அஞ்சினார். மீண்டும் மீண்டும் அதே நட்சத்திரத்தையே நோக்கி அளந்தார். பிற நட்சத்திரங்களின் வேகம் நிலையாக இருக்க, இது ஒன்று மாத்திரம் விநாடிக்கு சுமார் 60 மீட்டர் கூடியும் குறைந்தும் வந்தது. கூடிக் குறையும் காலம் 4.23 நாள் என்று கணக்கு காட்டிற்று. கடைசியில், கிரகம் ஒன்றைக் கண்டதாகத் தாம் நினைப்பதை ஹவாய்க்குத் தெரிவித்தார். பார்க்கலாம் என்ற தோரணையில்தான் மேயரின் பதில் வந்தது.

அதற்குள் பெகாசஸ் மண்டலம் சூரியனின் பின்னே மறைந்துவிட்டது. இருவரும் உடனே ஊருக்குச் சொல்லிவிடாமல், மண்டலம் மீண்டும் உதயமாகும் காலத்தில் எந்த இரவில் வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கணித்து எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தனர். ஜேக்கப் முதல் வான் டி காம்ப் வரை வந்த வரலாற்றை அறிந்தவர்கள் செய்யக்கூடியது அதுதான். 1995 ஜூலையில் குடும்பத்தோடு ஹாத் ப்ரோவான்ஸுக்குச் சென்று அளந்தபோது, இரவுக்கு இரவு அளவை கணக்கோடு பொருந்தி வந்தது. அக்டோபர் 6-ஆம் தேதி இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரில் கூடிய மகாநாட்டில் மேயர் விஷயத்தை வெளியிட்டார். நவம்பர் 23-ஆம் தேதி நேச்சர் சஞ்சிகையில் கட்டுரை வெளிவந்தது. கிரகத்தின் கனம் குறைந்த பட்சம் வியாழனில் ஏறத்தாழப் பாதி. தூரம் பூமியின் தூரத்தில் இருபதில் ஒரு பங்கு. அதன் மேற்பரப்பின் வெப்பம் 1,000 டிகிரியை எட்டக்கூடியது.

செய்தியைக் கேட்ட மார்சியும் பட்லரும் அடுத்த வாரமே லிக் நிலையத்தில் தங்களுக்கு அமைந்த நான்கு இரவுகளையும் அந்த ஒரு நட்சத்திரத்துக்கே செலவிட்டனர். நான்கே கால் நாளில் சுற்றும் ஒன்றைச் சோதிக்க நான்கு இரவுகளே போதுமானவை. மேயர் சொன்னது முற்றிலும் உண்மை என்று அவர்களே உலகுக்குச் சாட்சி கூறினர். பிறகு கணினிகளைத் திரட்டிக்கொண்டு தங்கள் பழைய பதிவுகளைக் கணிக்க உட்கார்ந்தபோது, தேடிய பொருள் தங்கள் வீட்டிலேயே இருந்ததை அவர்கள் அறிந்தனர். 70 விர்ஜினிஸ், 47 அர்சே மஜோரிஸ் என்னும் நட்சத்திரங்களின் கிரகங்களை 1996 ஜனவரியில் அறிவித்தனர். அந்த வருஷத்திலேயே, மூன்றே கால் நாளில் சுற்றும் டௌ பூட்டிஸின் கிரகமும், நான்கரை நாளுக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும் உப்சிலான் ஆண்ட்ரோமெடேயின் கிரகமும் அதே பதிவுகளிலிருந்து வெளிப்பட்டன.

சந்தேகம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. கனடாவைச் சேர்ந்த டேவிட் கிரே, 51-ஆவது நட்சத்திரத்தின் நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்வதோடு வடிவமும் மாறுகின்றன என்றும், ஆகவே அங்கே கிரகம் இல்லை, நட்சத்திரமே துடிக்கிறது என்றும் 1997-இல் எழுதினார். அதிகக் கூர்மையான அளவைகளில் வடிவ மாற்றம் எதுவும் தென்படாமல் போகவே, மறு வருஷம் அவரே தம் வாதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எஞ்சிய ஐயத்தை நீக்கியது ஸ்ட்ரூவ சொன்ன இரண்டாவது வழி. நட்சத்திரத்துக்கு மிக அருகில் சுற்றும் கிரகங்களில் பத்தில் ஒன்று நம் பார்வைக்குக் குறுக்கே செல்லும்படி அமையக்கூடும். பெகாசஸ் மண்டலத்திலேயே உள்ள எச்.டி. 209458 என்னும் நட்சத்திரத்தை மூன்றரை நாளுக்கு ஒரு முறை சுற்றும் கிரகம் நிறமாலையால் அறியப்பட்டிருந்தது. ஹார்வர்டு மாணவர் டேவிட் சார்பன்னோவும் டிமோதி பிரௌனும், கொலராடோவில் போல்டர் நகரில், பத்து சென்டிமீட்டர் வில்லை கொண்ட, கைக்கு அடக்கமான ஒரு கருவியை 1999 செப்டம்பரில் அந்த நட்சத்திரத்தின்மேல் திருப்பினர். செப்டம்பர் 9-ஆம் தேதி இரவும் 16-ஆம் தேதி இரவும், கணக்கு சொன்ன வேளையில், நட்சத்திரத்தின் ஒளி நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்து, சுமார் மூன்று மணி நேரம் கழித்துப் பழைய நிலைக்கு வந்தது. கிரெகரி ஹென்றி என்பவரும் நவம்பர் 7-ஆம் தேதி தனியே, அரிசோனாவில் உள்ள தானியங்கித் தொலைநோக்கியால் அதே கிரகணத்தின் தொடக்கத்தைப் பிடித்தார். ஒளி எவ்வளவு குறைகிறது என்பதிலிருந்து கிரகத்தின் பருமன் தெரியும். பருமனும் கனமும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். அந்தக் கிரகம் வியாழனைவிடப் பருமனில் பெரியதாகவும் கனத்தில் சிறியதாகவும், நீரின் அடர்த்தியில் பாதிகூட இல்லாததாகவும் இருந்தது. கல்லால் ஆனதன்று, வாயுவால் ஆனதே என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

இத்தகைய கிரகங்களுக்கு வெப்ப வியாழன்கள் என்ற பெயர் வழங்கலாயிற்று. சந்திரன் பூமிக்கு ஒரே முகத்தைக் காட்டுவதுபோல் இவை தத்தம் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுவதால், ஒரு பக்கம் நித்திய பகல், மறுபக்கம் நித்திய இரவு. எச்.டி. 209458-இன் கிரகத்தின் விளிம்பை ஊடுருவி வந்த ஒளியில் சோடியத்தின் சாயலை ஹப்பிள் தொலைநோக்கியின் மூலம் கண்டதாக 2001-இல் அறிவிக்கப்பட்டபோது, பிற சூரியனொன்றின் கிரகத்திலுள்ள வாயுமண்டலத்தை மனிதன் முதல் முதலாக அறிந்தான். 2007-இல் ஹெதர் நட்சனும் அவர் தோழர்களும், ஸ்பிட்சர் தொலைநோக்கியின் துணையால், எச்.டி. 189733 என்னும் நட்சத்திரத்தின் கிரகத்துக்கு வெப்பப் படமே வரைந்துவிட்டனர். அதில் மிக வெப்பமான இடம் சூரியனுக்கு நேர் கீழே இல்லாமல் கிழக்கே தள்ளியிருந்தது. பகல் பக்கத்து வெப்பத்தை வாரிக்கொண்டு அங்கே பெருங்காற்று வீசுகிறது என்று அதற்குப் பொருள் கண்டனர்.

தொலைவில் பிறக்க வேண்டியது அருகில் எப்படி வந்தது என்ற கேள்விக்கு விடையும், விந்தை யாதெனில், முன்பே எழுதப்பட்டிருந்தது. கிரகமும் அது பிறந்த வாயுத் தட்டும் ஒன்றையொன்று இழுப்பதால் கிரகத்தின் பாதை சுருங்கவோ விரியவோ கூடும் என்று கோல்ட்ரைக்கும் ட்ரெமெய்னும் 1980-இலேயே காட்டியிருந்தனர். அதைக் கொண்டு, வியாழன் தொலைவில் பிறந்து மெல்ல உள்ளே நகர்ந்து வந்திருக்கலாம் என்று லின் முதலியோர் 1996-இல் விளக்கம் அளித்தனர். பல பெருங்கிரகங்கள் ஒன்றையொன்று தள்ளி, ஒன்று வெளியே வீசப்பட, மற்றொன்று நீண்ட ஒடுங்கிய பாதையில் சூரியனருகே வந்து வந்து, நாளடைவில் அங்கேயே வட்டமாகத் தங்கிவிட்டது என்பது வேறு சிலர் கட்சி. நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றும் திசைக்கு நேர்மாறாகச் சுற்றும் வெப்ப வியாழன்கள் 2009 முதல் கண்டுபிடிக்கப்பட்டமை இந்த இரண்டாம் கட்சிக்குப் பலம் தருவது. இரண்டு வழியிலும் வந்தவை உண்டு என்றே இன்று பலரும் கருதுகின்றனர்.

இங்கே மற்றோர் எச்சரிக்கையும் வேண்டும். முதன்முதலில் அகப்பட்டவை வெப்ப வியாழன்களாகவே இருந்தமையால், எல்லாச் சூரியன்களுக்கும் இவை உண்டு போலும், நம் குடும்பமே விதிவிலக்கு போலும் என்று எண்ணியவர்கள் உண்டு. அதுவும் பிழையே. கனம் மிகுந்து, அருகில் நின்று, விரைவாகச் சுற்றுவதால் இவை நட்சத்திரத்தை அதிகமாக அசைக்கின்றன, அடிக்கடி அசைக்கின்றன. எனவே எளிதில் அகப்படுகின்றன. 2009-இல் விண்ணில் ஏவப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி லட்சத்துக்கும் அதிகமான நட்சத்திரங்களை இடைவிடாமல் கண்காணித்த பிறகு, சூரியனை ஒத்த இருநூறு நட்சத்திரங்களில் ஒன்றிரண்டுக்குத்தான் வெப்ப வியாழன் உண்டு என்பதும், பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட பருமனுள்ள சிறு கிரகங்களே மிகுதி என்பதும் தெளிவாயின. அந்த இடைப்பட்ட பருமனுள்ள கிரகமோ நம் சூரிய குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை. கண்முன் இருந்த ஒரு குடும்பத்தை விதியாக்கியதைப் போன்றதே, எளிதில் அகப்பட்டதை விதியாக்குவதும்.

மேயருக்கும் கெலோவுக்கும் 2019-இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது. அவர்களுடைய கருவியைவிடக் கூர்மையான கருவி கலிபோர்னியாவில் இருந்தது. அவர்களுடைய தொலைநோக்கியைவிடப் பெரிய தொலைநோக்கிகள் ஹவாயில் இருந்தன. அவர்கள் கண்டதற்கு வேண்டிய யுக்தி 1952-இலேயே அச்சாகியிருந்தது. இவை எல்லாம் பிறருக்கும் வாய்த்திருக்க, பயன் இவர்களுக்கு வாய்த்ததற்குக் காரணம் இரண்டு பழக்கங்கள் ஒருங்கே சேர்ந்தமையே என்று தோன்றுகிறது. தன் கணக்கையும் தன் கருவியையும் முதலில் குற்றவாளியாக்கி மாதக்கணக்கில் விசாரிக்கும் பழக்கம் ஒன்று. அதைத் தோற்றுப்போன பழைய கிரகங்களின் வரலாறு அந்தத் துறைக்குக் கற்பித்திருந்தது. அவ்வளவு விசாரணைக்குப் பிறகும் எண் 4.23 நாள் என்றே நின்றால், சித்தாந்தம் இடம் தராவிட்டாலும் அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளும் பழக்கம் மற்றொன்று; அதை இரட்டை நட்சத்திரத் தொழில் தன் பிள்ளைகளுக்கு ஒன்றரை நூற்றாண்டாகப் பழக்கி வந்திருந்தது. முதற்பழக்கம் மட்டும் இருந்தவர்கள் தேடாமலே இருந்துவிட்டனர். இரண்டாவது மட்டும் இருந்தவர்கள் இல்லாததைக் கண்டனர்.